ஹேம்லெட்: கோயில் இல்லா ஊர்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில், சுண்ணக்கல் மேடுகளின் மடிப்பில், வொரம் பெர்சி என்று ஓர் ஊர் இருந்தது. இன்று அங்கே போனால் புல் மூடிய தாழ்ந்த வரப்புகள்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் அவை வரப்புகள் அல்ல, வீட்டுச் சுவர்களின் அடித்தடம் என்பது புரியும். பயிர் செய்வதைவிட ஆடு மேய்த்துக் கம்பளி விற்பது லாபம் என்று நிலவுடைமையாளர்கள் முடிவு செய்த காலம் அது. 1500ஐ ஒட்டி எஞ்சியிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட, ஊர் காலியானது. தேவாலயம் மட்டும் நின்றது.

யாருக்காக நின்றது? சில மைல் தள்ளி, அதே பங்கைச் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியைச்) சேர்ந்த திக்ஸன்டேல் என்ற குடியிருப்பு உயிரோடு இருந்தது. அங்கே ஆட்கள் உண்டு, தேவாலயம் இல்லை. ஆகவே உயிருள்ள ஊரின் மக்கள் வழிபாட்டுக்காகச் செத்துப்போன ஊருக்கு மேடேறி நடந்தார்கள். 1870இல் தங்களுக்கென ஒரு தேவாலயம் எழும்பும்வரை இதுதான் நிலை.

'ஹேம்லெட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தின் பழைய வழக்கில், தேவாலயம் உள்ளது வில்லேஜ், இல்லாதது ஹேம்லெட். இது சட்டம் அல்ல, வழக்குதான். ஆனாலும் அளவைவிட, எதைச் சார்ந்திருக்கிறது என்பதையே அது பார்க்கிறது. 'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்ற நம் பழமொழியை அங்கே கொண்டுபோய் அமல்படுத்தினால், ஹேம்லெட்டுகளில் ஓர் ஆள் மிஞ்சமாட்டார்.

சொல்லின் பிறப்பு பிரெஞ்சில். ஜெர்மானிய வேர் 'ஹைம்' என்பது வீட்டையும் குடியிருப்பையும் குறித்தது. ஆங்கிலத்தின் 'ஹோம்' இதன் உடன்பிறப்பு. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் ஆகியவற்றின் கடைசி அசையும் அப்படியே. அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் 'ஹாம்' வந்தது. அதைச் சிறிதாக்கி 'ஹாமெல்' என்றார்கள். அதுவும் போதாமல் இன்னொரு விகுதி சேர்த்து 'ஹாமெலெ' ஆக்கினார்கள். நாம் 'சின்னஞ்சிறு' என்று இரட்டிப்பதைப் போலத்தான். இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் வழியாக வந்த பிரெஞ்சுச் செல்வாக்கில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் டென்மார்க் இளவரசன் ஹேம்லெட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவன் பெயர் 'அம்லெத்' என்ற பழைய ஸ்காண்டிநேவியப் பெயரின் திரிபு.

ஓர் எச்சரிக்கை. ஊர்ப்பெயரில் 'ஹாம்' என்று முடிவதெல்லாம் வீடு அல்ல. லண்டனில் தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமில் இருப்பது வேறொரு பழைய ஆங்கிலச் சொல்: 'ஹம்'. ஆறும் சதுப்பும் வளைத்த நிலம் என்று பொருள். 958ஆம் ஆண்டுப் பட்டயத்திலேயே 'ஹம்மெ' என்று அந்த இடம் வருகிறது. தேம்ஸ், லீ, ரோடிங் ஆகிய ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டு நிலம் அது. திருப்பூந்துருத்தியில் உள்ள 'துருத்தி', அதாவது ஆற்றிடைக்குறை, இதற்குப் பக்கத்தில் வரும்.

இனி தமிழுக்கு வருவோம். ஹேம்லெட் என்றதும் எல்லோரும் எழுதுவது 'குக்கிராமம்'. எனக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை. 'கிராமம்' வடசொல்; முன்னால் நிற்கும் 'கு'வும் வடமொழியில் இழிவையும் சிறுமையையும் காட்டும் முன்னொட்டு. குதர்க்கம், குயுக்தியில் இருக்கும் அதே 'கு'தான். ஊரைக் குறிக்கும் சொல்லிலேயே ஒரு மட்டம் தட்டல் இருக்கிறது. 'சிற்றூர்' நல்ல தமிழ், மரியாதையானதும்கூட. ஆனால் அது அளவை மட்டும் சொல்லும். வொரம் பெர்சியும் சிற்றூர்தான், ஆனால் ஹேம்லெட் அல்ல. பட்டி ஆடுமாடு அடைத்த இடத்திலிருந்து வந்தது, குப்பம் பெரும்பாலும் கடற்கரையில் மீனவர் வாழும் இடம். இரண்டுக்கும் நம் மண்ணின் வாசனை அதிகம், யார்க்ஷயருக்குப் பொருந்தாது.

சார்ந்திருத்தலைச் சொல்லும் சொற்கள் நம்மிடம் உண்டு. நிலப் பத்திரங்களில் ஒரு கிராமத்துக்குள் அடங்கிய சிறு ஊரை 'உட்கடை' என்பார்கள். அதைவிடப் பழையது 'பிடாகை'. சோழர் காலக் கல்வெட்டுகள் இன்ன ஊர்ப் பிடாகை இன்ன ஊர் என்று எழுதும். தாய் ஊர் முதலில், அதன்கீழ் வருவது பின்னால். இங்கிலாந்தின் பங்கு ஆவணங்கள் காட்டும் உறவும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

பொதுவான கட்டுரைக்குச் சிற்றூர் போதும். வரலாறு எழுதுபவர் பிடாகையை எடுத்துக்கொள்ளலாம்: வொரம் பெர்சிப் பிடாகை திக்ஸன்டேல். ஆனால் 1870க்குப் பிந்தைய பக்கங்களுக்கு வரும்போது அதை அடித்துவிட்டு 'ஊர்' என்று திருத்திக்கொள்ள வேண்டும்.