ஏரோட்ரோபோலிஸ்: தமிழில் வான்பட்டினம்

விமான நிலையத்தை நடுவாக வைத்து, அதை நம்பியே பிழைக்கும் தொழில்களோடு வளரும் நகரப் பரப்புக்கு ஏரோட்ரோபோலிஸ் என்று பெயர். ஓடுபாதையும் பயணிகள் முனையமும் அதன் கரு மட்டுமே. வேலிக்கு வெளியே சில சமயம் 30 கி.மீ. வரை விரியும் கிடங்குகள், குளிர் அறைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள், ஓட்டல்கள், ஊழியர் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்ததே அது. டெல்லியில் இருக்கும் ஏரோசிட்டி வேறு. அது விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல், அலுவலகத் தொகுதி. இரண்டையும் ஒன்றாக எழுதுவது தவறு.

கிரேக்க மொழியில் ஆயெர் என்றால் காற்று, போலிஸ் என்றால் நகரம். நடுவில் நிற்கும் 'ட்ரோ', தாய்நகரம் எனப் பொருள்படும் மெட்ரோபோலிஸிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு. 1939இல் நிக்கோலஸ் டிசான்டிஸ் என்ற நியூயார்க் ஓவியர், வானளாவிய கட்டடத்தின் உச்சியில் விமானம் இறங்குவதாக ஒரு கற்பனைப் படம் வரைந்தார். சொல் அங்கிருந்து தொடங்குகிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கசார்டா அதை நகரத் திட்டச் சொல்லாக்கிப் பரப்பினார்.

நடைமுறை அந்தப் படத்துக்கு நேர் எதிர். பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கி.மீ. வரை, நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டரைத் தாண்டும் கட்டடம் விமானத்துக்கு இடையூறாகக் கணக்கிடப்படும். 45 மீட்டர் என்பது சுமார் 14 மாடி. ஓடுபாதையின் முனைக்கு நேரே கட்டுப்பாடு இன்னும் கடுமை. 50 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் உயரலாம் என்பது கணக்கு, அதாவது 1 கி.மீ. தொலைவில் 20 மீட்டர். அங்கே கிடங்கு கட்டலாம், அடுக்குமாடி கட்ட முடியாது. உயர முடியாத நகரம் பக்கவாட்டில் பரவியாக வேண்டும். அதற்கு வயலும் ஏரியும் வேண்டும். 2022இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடமாகப் பரந்தூர் அறிவிக்கப்பட்டதும் அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் போராட்டத்தில் இறங்கியதன் வேர் இந்த நிலக் கணக்குதான்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'வானிலைய நகரம்' என்றால் வானிலை ஆய்வு மையம் நினைவுக்கு வரும். 'விமான நகரம்' என்றால் விமானம் செய்யும் ஊர் என்று தோன்றும். வானூர்தி என்பது நல்ல பழைய சொல். 'வலவன் ஏவா வானவூர்தி' என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் 'வானூர்தி நிலையம்சார் நகரம்' வாயில் நுழையாது. நமக்குக் கைகொடுப்பது பட்டினம். பட்டணம் எந்தப் பெரிய ஊருக்கும் பொருந்தும். பட்டினம் என்றால் கப்பல் வந்து போவதால் பிழைக்கும் கடற்கரை ஊர். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், நம்முடைய சென்னப்பட்டினம். கப்பலுக்குப் பட்டினம் என்றால் விமானத்துக்கு வான்பட்டினம். இதையே பரிந்துரைக்கிறோம்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. ராயபுரத்துக்கு 1856இல் ரயில் வந்தது. பின்னர் துறைமுகம் எழுந்தது. 1983இல் கன்டெய்னர் முனையம் திறந்தபின், துறைமுகத்துக்குள் நடந்த சரக்கைப் பிரித்துக் கட்டும் வேலை மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்து சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்குக் கிடங்குகளுக்குப் போனது. கரையில் சுமைகூலி வேலை குறைந்தது. டிரெய்லர் டிரைவர், ஃபோர்க்லிஃப்ட் ஆப்பரேட்டர், ரீஃபர் எனும் குளிர்க் கன்டெய்னர் மெக்கானிக், கிளியரிங் ஆபீஸ் பையன், பஞ்சர் கடை என்று வெளியே வேலை பெருகியது. கூடவே எண்ணூர் விரைவுச்சாலையில் லாரி வரிசையும் தூசியும் வந்தன. போக்குவரத்து முனையம் ஒன்று ஊரைச் செய்வதும் சிதைப்பதும் இப்படித்தான்.

ஆனால் வான்பட்டினத்தின் சரக்கு வேறு ரகம். 40 அடி கன்டெய்னரில் ஏறக்குறைய 26 டன் ஏற்றலாம். விமான வயிற்றில் போகும் எல்டி3 பெட்டி தன் எடையையும் சேர்த்து 1,588 கிலோதான். அதனால் மருந்து, மின்னணுப் பாகம், உயிருள்ள கடலுணவு போன்ற விலை கூடிய, காத்திருக்க முடியாத சரக்கே அதில் போகும். பழவேற்காட்டு நண்டு கால் கட்டி, ஈரம் காயாமல் கூடையில் அடுக்கி, சிங்கப்பூருக்கு உயிரோடு போவது விமானத்தில். மொத்த ஊரையும் கடந்து மீனம்பாக்கம் போவதற்குள் நெரிசலில் நேரம் போனால், வழியிலேயே நண்டு சாகத் தொடங்கும்.

துறைமுக வேலை தெரிந்தவருக்கு இதில் எது உதவும்? காகித வேலை அப்படியே உதவும்: இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் இரண்டு இடத்திலும் ஒன்றே, சுங்க முகவரின் ஊழியர்களுக்குத் தரும் ஜி கார்டு, எச் கார்டு அனுபவம் வீண்போகாது. தூக்கும் வேலைக்கு அங்கே இடம் குறைவு. ஆபத்துச் சரக்கைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும். 24 மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்புப் பகுதிக்குள் வேலை என்றால் நுழைவு அட்டை கட்டாயம். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. பெயரில் ஒரு சின்ன வழக்கு நிலுவையில் இருந்தாலும் அங்கே சிக்கல் வரும். எங்கள் பிள்ளைகள் பலர் திறமையில் தோற்காமல் இந்த இடத்தில் தடுக்கி விழக்கூடும் என்பதால், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே வழக்கை முடித்துக்கொள்வது நல்லது.

சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட இந்தியத் திட்டம் மேற்கு வங்கத்தில் துர்காப்பூர் அருகே அண்டாலில் இருக்கிறது. திறப்பு விழா 2013இல் நடந்தது. வழக்கமான பயணிகள் விமானத்துக்கு 2015 வரை காத்திருந்தார்கள். ஆகவே மனை விளம்பரத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் சரக்கு முனையம் இயங்குகிறதா, நாளைக்கு எத்தனை விமானம், கிடங்குக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை இல்லாத இடத்தை வெறுமனே 'விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மனை' என்று எழுதினால் போதும்.