மாற்றுச் சான்றிதழில் எழுத இடமில்லாதவை

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்பில் புத்தகப் பையின் கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்த பிள்ளைகள், ஐந்து ஆண்டுகள் கழித்துக் குரல் உடைந்து, தோள் உயர்ந்து, மாற்றுச் சான்றிதழுக்காக அலுவலக அறை வாசலில் நிற்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பு வேறு ஊரில், வேறு பள்ளியில். புதுக்கோட்டை மாவட்டத்து வானம் பார்த்த பூமியில் இருக்கும் எங்களுடையதைப் போன்ற சின்னப் பள்ளிகளில், தேர்வு முடிவுக்கும் அடுத்த சேர்க்கைக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் மட்டுமே நழுவுவதில்லை. நானூறுக்கு மேல் எடுத்தவர்களும் போயிருக்கிறார்கள்.

சான்றிதழில் இரண்டு அங்க அடையாளங்களைக் குறிக்க வேண்டும். அதை எழுதும் நாளில் வகுப்பே அமளிதுமளிப்படும். சட்டைக் கையை மடக்கி மச்சம் தேடுவார்கள். ஒருத்திக்கு இரண்டாவது மச்சம் கிடைக்காமல் தோழிகள் மூன்று பேர் அவள் கழுத்தைச் சுற்றிச் சல்லடை போட்டார்கள். கடைசியில் கிடைத்தது மச்சம் இல்லை, பேனா மை. இன்னொருவனுக்கு நேர்மாறான சிக்கல். முழங்காலில் கருவேல முள் கிழித்த தழும்பு, முழங்கையில் சைக்கிளோடு கண்மாய்க் கரையில் உருண்ட தழும்பு, புருவத்தில் கிட்டிப்புள் பட்ட தழும்பு. எதை விடுவது என்று அவனுக்கு உண்மையிலேயே மனசில்லை. "மூன்றையும் எழுதிவிடுங்கள் டீச்சர், ஒன்று மறைந்தாலும் ஒன்று இருக்கும்" என்றான்.

படிவம் கேட்பது இவ்வளவுதான். பிள்ளை எப்படிப்பட்டவர் என்பதற்கு நடத்தை என்று ஒரு வரி இருக்கிறது. அதில் எல்லாருக்கும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறோம். ஆகவே வகுப்பாசிரியராக நான் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் தனியாக எழுதுகிறேன். பெற்றோரை உட்காரவைத்து வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளை சேரப்போகும் பள்ளியின் ஆசிரியருக்குக் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பக்கங்களிலிருந்து சிலரை, பெயர் சொல்லாமல், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி இங்கே தருகிறேன்.

முதலில் எங்கள் ஆட்டுக்காரர். காலையில் பட்டியைத் திறந்து, ஆடுகளைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். தாமதத்துக்கு அவன் சொல்லும் காரணங்களில் எப்போதும் ஓர் ஆடு இருக்கும். அந்த ஆட்டுக்குப் பெயரும் இருக்கும். கட்டுரைத் தலைப்பு எதுவானாலும் மூன்றாவது பத்தியில் ஆடு வந்துவிடும். 'அறிவியல் வளர்ச்சி' என்று கொடுத்தேன். செயற்கைக்கோளில் தொடங்கி, வானிலை அறிவிப்பு வழியாக, மழைக்கு முன் ஆட்டைக் கொட்டகைக்குள் கட்டுவதில் வந்து முடித்தான். குறை சொல்ல முடியாத தர்க்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் அட்டையும் முயலும் பாடமாக இருக்கின்றன. முயலின் பல்லமைப்பை நடத்தும்போது முன்பற்களுக்கும் பின்பற்களுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றிச் சொன்னேன். கையைத் தூக்கினான். "ஆட்டுக்கும் அந்த இடைவெளி உண்டு டீச்சர். ஆனால் ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது. கீழ்ப்பல்லை வைத்துத்தான் வயசு பார்ப்போம்" என்றான். பிறகு, இரண்டு பல் போட்டது, நான்கு பல் போட்டது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினான். வகுப்பு முழுக்கக் கேட்டது. அன்று பாடம் எடுத்தது அவன்தான்.

இந்தப் பையனை வரலாறு பாடப்பிரிவில் சேர்க்கலாம் என்று வீட்டில் முடிவுசெய்திருந்தார்கள். 'அது சுலபம்' என்று யாரோ சொன்னார்களாம். வரலாறு அருமையான பாடம், விரும்பிப் படிக்கிறவர்களுக்கு. ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவை எடுக்காதவருக்குக் கால்நடை மருத்துவப் படிப்பின் கதவு பதினைந்து வயதிலேயே கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது; 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இதை அவன் அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆட்டுக்குப் பல் பார்க்கிற வேலைக்குப் பல்கலைக்கழகமா என்றுதான் முதலில் கேட்டார்.

இங்கே எல்லாப் பெற்றோரிடமும் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தேர்வு முடிவு வந்த மறுநாளே ஊருக்குள் கார்கள் வரும். 'உங்கள் பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறான், எங்கள் தனியார் பள்ளியில் பாதிக் கட்டணம்தான்' என்பார்கள். அந்த 7.5 விழுக்காடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கடைசி இரண்டு ஆண்டுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், முந்தைய ஐந்து ஆண்டுகள் கணக்கில் வராது. காரில் வருகிறவர் இதைச் சொல்லமாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து வகுப்புத் தலைவி. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் பொறுப்பு. வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவளும் அவள்தான். ஒருநாள் நான் உள்ளே வந்தபோது பலகையில் ஐந்து பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அவளுடையது. பக்கத்தில் நான்கு பெருக்கல் குறிகள். மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. "நான்தான் அதிகம் பேசினேன் டீச்சர், எழுதாமல் விட்டால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்" என்றாள். சத்துணவு வரிசை, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் காணாமல் போன பென்சில் என்று எல்லா வழக்கும் அவளிடம்தான் போகும். தீர்ப்பு உடனுக்குடன். மேல்முறையீடு கிடையாது.

இவளைத்தான் வீட்டில் 'படித்தது போதும்' என்றார்கள். மேல்நிலைப் பள்ளி எட்டு கிலோமீட்டர் தள்ளி, காலையில் ஒரே பஸ், துணைக்குப் போக வேறு பெண்பிள்ளை இல்லை. அதற்கடுத்த பேச்சு என்னவென்று கிராமத்தில் வேலை பார்க்கிற எந்த ஆசிரியருக்கும் தெரியும்: மாமன் மகன். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கவலையும் வராது. அவள் சட்டென்று பேச்சைக் குறைத்ததைக் கவனித்தவருக்கு வரும். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரு வாரமாகக் கரும்பலகையில் அவள் பெயரே இல்லை.

18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். பெற்றோர், நடத்திவைப்பவர் எல்லாரும் பொறுப்பாவார்கள். அவசரமென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது சட்டத்தை முதலில் எடுத்தால் கதவு சாத்திக்கொள்ளும். நாங்கள் முதலில் எடுத்தது பஸ் கதையைத்தான். மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. பிளஸ் ஒன் சேர்ந்தால் விலையில்லா மிதிவண்டி உண்டு. சேர்ந்த அன்றே கைக்கு வந்துவிடாது, அதுவரைக்கும் ஏற்பாடு வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து போகும் இரண்டு பெண்களின் வீட்டாரோடு பேசித் துணை சேர்த்தோம். அதன் பிறகு புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றிப் பேசினோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 முதல் இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். அவள் பாட்டி, 'அவள் பெயரிலேயே வருமா?' என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அதன் பிறகு பாட்டிதான் எங்கள் பக்கம் நின்று பேசினார்.

பள்ளியின் மின்விசிறி, ஒலிபெருக்கி, மோட்டார் மூன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். காலை வழிபாட்டில் மைக் கரகரத்தால், கண்ணை மூடி நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு தலை மட்டும் மெதுவாக நகர்ந்து மேடைப் பக்கம் போகும். ஒரு தட்டு, ஒரு முறுக்கு, வழிபாடு தொடரும். ஆங்கில விடைத்தாளில் ஒரு பக்கம் காலியாக விட்டு, ஓரத்தில் எங்கள் வகுப்பறையின் மின்சுற்றைத் துல்லியமாக வரைந்திருந்தான். எந்த சுவிட்சு போட்டால் எது எரியாது என்பது உட்பட. கீழே, 'மூன்றாவது சுவிட்சு ஆபத்து, யாரும் தொட வேண்டாம்' என்று தமிழில் எச்சரிக்கை. திருத்துகிற ஆசிரியர் நலனில் இத்தனை அக்கறையுள்ள விடைத்தாளை நான் பார்த்ததில்லை.

இவனுக்கு ஐடிஐ என்றதும் அவன் அம்மாவின் முகம் வாடிவிட்டது. படிக்காத பிள்ளைக்குக் காட்டுகிற வழி என்று நினைத்துவிட்டார். அந்த எண்ணத்தை மாற்றாமல் ஒரு பிள்ளையைக்கூட ஐடிஐக்கு அனுப்பக்கூடாது. மனக்குறையோடு போகிறவன் பாதியில் நின்றுவிடுவான். எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு ஆண்டு. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பட்டயம் முடித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டு. சுற்றுவழிதான், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையில் ஒரு தொழில் இருக்கும். நல்ல பிரிவுகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பித்துவிட வேண்டும், ஆடிப்பெருக்குக்குப் பிறகு பார்க்கலாம் என்றால் கிடைக்காது.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். செய்தித்தாள் வாசிக்கும்போது அச்சுப்பிழையைக் கண்டால் அங்கேயே நிறுத்தி, பத்திரிகை ஆசிரியரைக் கண்டித்துவிட்டுத் தொடரும் ஒருத்தி. எல்லாரிடமும் ரப்பர் கடன் வாங்கி, யாரிடம் எத்தனை முறை வாங்கினான் என்று நோட்டில் கணக்கு வைத்திருக்கும் ஒருவன். அவன் வணிகவியலுக்குப் போகிறான்; அந்த நோட்டைப் பார்த்தபின் யாரும் மறுப்பு சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் கபடி வீரர். சத்துணவில் முட்டை போடும் நேரத்தில் இவனுடைய ராஜதந்திரத்தைப் பார்க்க வேண்டும். முட்டை பிடிக்காத ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கபடியில் ஒரு பிடி சொல்லிக்கொடுத்தால் ஒரு முட்டை. இரண்டு பிடி என்றால் அடுத்த வாரத்துக்கும் முன்பதிவு. நாங்கள் சிரித்தோம். சத்துணவு ஆயம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது டீச்சர்" என்றார்.

இதை நான் அவன் பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு மதிய உணவு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வீட்டில் இல்லையென்றால் அவன் உணவு இருக்கும் இடத்துக்குப் போவான்: கோழிப்பண்ணை, செங்கல் சூளை, திருப்பூர். சோம்பேறி, படிப்பில் நாட்டமில்லாதவன் என்று பிறகு நாமே பெயர் வைத்துவிடுவோம். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஜூன் மாதத்தில் புதிதாக வந்த பிள்ளைகளில் மதிய இடைவேளையில் யார் மைதானத்திலேயே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், சான்றிதழ் கொடுத்த பிள்ளை, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் இன்னும் பொதுத் தொகுப்பிலேயே இருக்கிறதா என்று ஜூலையில் ஒருமுறை பாருங்கள். எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையின் பெயர் அங்கேதான் கிடக்கும்.

கபடி வீரருக்குக் கணக்கில் தேர்ச்சி இல்லை. மற்ற நான்கு பாடங்களிலும் 35-ஐத் தாண்டிவிட்டான், தமிழில் நன்றாகவே தாண்டியிருக்கிறான். தோற்ற பாடத்தை மட்டும் எழுத உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது. எழுதித் தேறினால் இந்த ஆண்டே சேர்ந்துவிடலாம். விண்ணப்பம் நாங்களே பதிந்துவிட்டோம். முடிவு வந்த நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வராதவனைக் கூட்டிவர நேற்று ஏழாம் வகுப்புப் பையன்களை அனுப்பினேன். கபடி ஆடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி வந்துவிட்டான். இனித் தினமும் காலை ஒன்பதரைக்குக் கணக்கு. ஆயம்மா டிபன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.