இன்சுலினைக் கிருமியில் செய்கிறார்களாமே என்று ஊசியை நிறுத்துகிறவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கூட்டம் வழிந்துகொண்டிருந்த நேரம், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாவை மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். முப்பது வருசம் கொழுந்து பறித்த கை, விரல் நுனியில் கறை இன்னும் போகவில்லை. அந்த விரலில் குத்திப் பார்த்தால் சீனி 486. உதடு காய்ந்து வெடித்திருந்தது. “ஊசி ஒழுங்காப் போடுறீங்களாம்மா?” என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் சொன்னார்: “இல்லைங்க மிஸ், ஒம்பது நாளா நிப்பாட்டிட்டோம். தம்பிக்கு வட்ஸ்அப்புல வந்துச்சு, மனுசக் கழிவுல இருக்கிற கிருமியிலதான் அந்த மருந்தச் செய்யிறாங்களாம். சாமி கும்பிடுற ஒடம்புல அத எப்படி ஏத்துறதுன்னு அம்மா பயந்துட்டாங்க.”

வார்டில் சேர்த்து, இப்போது தேறிவிட்டார். ஆனால் இதே காரணத்துக்காக ஊசியை நிறுத்திவிட்டு வந்தவர்களில் இந்த வருசம் இவர் மூன்றாவது ஆள். மருந்து கொடுக்கும் ஜன்னலில், பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது இதை விளக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அங்கேதான். ஆமாம், இன்சுலின் தயாரிக்க ஈ.கோலை என்ற பக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்கள். சில கம்பனிகள் அதற்குப் பதிலாக ஈஸ்டைப் பயன்படுத்துகின்றன, பாண் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட் இனம். ஈ.கோலையில் நம் குடலில் சும்மா வாழும் வகைகளும் உண்டு, வயிற்றோட்டம் தரும் வகைகளும் உண்டு. மருந்துக்கு எடுப்பது நோய் உண்டாக்காத ஆய்வுகூட வகை, அதை யாரும் கழிவிலிருந்து அள்ளி வருவதில்லை. மனித இன்சுலினுக்கான மரபணுக் குறிப்பை அதற்குள் வைத்தால், அது தன் பாட்டில் பெருகிக்கொண்டே அந்தப் புரதத்தைச் செய்து தள்ளும். பிறகு அந்தக் கலங்களை உடைத்து, புரதத்தை மட்டும் பிரித்து, சரியான வடிவத்துக்கு மடித்து, திரும்பத் திரும்பச் சுத்திகரிக்கிறார்கள். ஈ.கோலையின் மேல்சுவரில் காய்ச்சல் உண்டாக்கும் பொருள் ஒன்று உண்டு, அதையும் நீக்கி, நீங்கியதா என்று சோதித்த பிறகுதான் குப்பியில் அடைக்கிறார்கள். நேற்று நீங்கள் சோற்றில் போட்டுப் பிசைந்த தயிரில் பக்டீரியா கோடிக்கணக்கில் உயிரோடு இருந்தது. இன்சுலின் குப்பியில் உயிருள்ள பக்டீரியா ஒன்றுகூட இல்லை. அதில் இருப்பது அமினோ அமிலம் என்ற மணிகள் 51 கோத்த புரதம், உங்கள் கணையம் செய்ய வேண்டிய அதே புரதம், ஓர் எழுத்துகூட மாறாதது.

இதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரிந்தால் கிருமி என்ற பேச்சே வராது. 1922இல் டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டவன் 14 வயதுப் பையன், அவனுக்குக் கொடுத்தது மாட்டுக் கணையத்தின் சாறு. அதன் பிறகு அறுபது வருசம் உலகம் முழுவதும் இறைச்சிக் கூடத்து மாட்டையும் பன்றியையும் நம்பியே இருந்தது. பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடும், மாட்டினுடையது மூன்றில். 1982இல்தான் பக்டீரியாவில் செய்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டவுனில் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் தயங்கித் தயங்கி, “மிஸ், இதில் பன்டி ஏதும் கலந்திருக்கா?” என்று கேட்டார். இல்லை நானா, நாங்கள் கொடுப்பது மனித இன்சுலின், பன்றியிலிருந்தும் எடுப்பதில்லை, மாட்டிலிருந்தும் எடுப்பதில்லை. அந்த விலங்குகளிடமிருந்து நம்மை விடுவித்ததே இந்தப் பக்டீரியாதான்.

அடுத்த குழப்பம் நேர் எதிரானது. டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு இரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி சீனக் குறளெலியின், அதாவது ஹம்ஸ்டரின் சூலகக் கலங்களில் செய்யப்படுவது. அந்தக் கலங்களை 1957இல் எடுத்தார்கள், இன்றைக்கும் அதே வம்சம் தொட்டியில் பெருகிக்கொண்டிருக்கிறது. “எலியில செஞ்சதுக்கா இவ்வளவு விலை, இன்சுலின் மாதிரி பக்டீரியாவுல மலிவாச் செய்ய வேண்டியதுதானே?” என்று ஒரு மகன் கோபமாகக் கேட்டார். நியாயமான கேள்வி. பக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும், மலிவான தீனி போதும். ஹம்ஸ்டர் கலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், தீனியும் விலை கூடியது. இருந்தும் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பக்டீரியாவுக்கு மணி கோக்கத் தெரியும், கோத்த மாலையில் குஞ்சம் கட்டத் தெரியாது. எரித்ரோபொயட்டினின் எடையில் சுமார் 40 சதவீதம் அதன்மேல் கிளை கிளையாக ஒட்டியிருக்கும் சர்க்கரைதான். அந்தக் கிளைகளை மனிதக் கலம் போலவே ஒட்டத் தெரிந்தது பாலூட்டிக் கலத்துக்குத்தான். கிளை இல்லாத எரித்ரோபொயட்டின் உடம்பில் தங்காது, வேலை செய்யுமுன்பே இரத்தத்திலிருந்து அகற்றப்பட்டுவிடும். இன்சுலினுக்கு அந்தக் கிளை தேவையில்லை, அதனால் பக்டீரியா போதும். ஆகவே ஒன்று மட்டம், ஒன்று உயர்வு என்று நினைக்காதீர்கள், எந்தக் கலத்தில் செய்வது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் புரதம்தான்.

இதைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற ஒரு ஐயா, தனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறதே, சர்க்கரை ஒட்டிய மருந்தைப் போடலாமா என்று பதறினார். போடலாம் ஐயா. அது இரத்தத்தில் சீனியைக் கூட்டும் அளவே இல்லை, ஊசியில் இருக்கும் மருந்தே கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி, சூடு பட்டாலும் உறைந்தாலும் கெட்டுவிடும். லயத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத ஓர் அண்ணன் தன் குப்பிகளைத் தோட்டத்துக் கடையில் கொடுத்து வைத்தார். கடைக்காரர் நல்ல மனசோடு ஐஸ்கிறீம் பெட்டியில் வைத்துவிட்டார். மாதக் கணக்கில் ஊசி போட்டும் சீனி இறங்கவில்லை. குப்பியைக் கொண்டு வரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடிச் சுவரில் துகள் துகளாக வெள்ளை ஒட்டியிருந்தது, உருட்டினாலும் கரையவில்லை. அத்தனையும் வீண்.

தயவுசெய்து கேளுங்கள். திறக்காத குப்பி ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கட்டும், 2 முதல் 8 பாகை செல்சியஸ், ஐஸ் அறையில் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை உறைந்தால், உருகிப் பழையபடி தெரிந்தாலும் அதைப் போடாதீர்கள். கிளினிக்கிலிருந்து எடுத்துப் போகும்போது ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டாமல் துணியில் சுற்றுங்கள். திறந்த குப்பியை வெளியே வைக்கலாம், பெரும்பாலானவை நாலு வாரம் தாங்கும், திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஹட்டன் குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள், மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே காம்பரா கொதிக்கும், அடுப்புக்கு மேலே இருக்கிற தட்டு அதைவிட மோசம். கலங்கலான இன்சுலினை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெதுவாக உருட்டுங்கள், குலுக்காதீர்கள். எரித்ரோபொயட்டினையும் குலுக்கக் கூடாது.

வட்ஸ்அப்பில் எது வந்தாலும் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். சின்ன வயதிலேயே சீனி வந்து இன்சுலினை மட்டுமே நம்பி இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாளே உயிருக்கு ஆபத்து. சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியையும் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வாருங்கள். கிளினிக் நாளாக இருக்க வேண்டும் என்றில்லை, அன்றைக்குப் போட வேண்டிய ஊசியை மட்டும் போட்டுவிட்டு வாருங்கள்.