அரூபா ஆளுநரின் இரட்டை வேடம்

2014 ஜூலையில் அரூபாவின் பிரதமர் மைக் எமன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். எதிர்க்கட்சித் தலைவரல்ல, பதவியில் இருந்த பிரதமர். சண்டை ஒரு கையெழுத்துக்காக. தீவின் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பட்ஜெட்டில் ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை.

வெனிசுலா கரைக்கு எதிரே, சுமார் 180 சதுர கிலோமீட்டரில், லட்சம் பேருக்குச் சற்று மேல் வாழும் தீவு அரூபா. 21 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம், பிரதமர், அமைச்சரவை, ஃப்ளோரின் என்ற சொந்த நாணயம் எல்லாம் உண்டு. ஆனால் கையில் இருப்பது நெதர்லாந்து பாஸ்போர்ட். ‘நெதர்லாந்து ராஜ்ஜியம்’ வேறு, ‘நெதர்லாந்து’ வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். ராஜ்ஜியத்துக்குள் நான்கு நாடுகள்: நெதர்லாந்து, அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன். பள்ளிக்கூடம், வரி, போலீஸ் போன்றவை அரூபாவின் பொறுப்பு. ராணுவம், வெளியுறவு, குடியுரிமை ராஜ்ஜியத்தின் பொறுப்பு.

சரி, அந்த ராஜ்ஜியத்தை நடத்துவது யார்? நெதர்லாந்தின் அமைச்சரவைதான். தீவுக்கு ஒருவராக மூன்று பேர் கூடுதலாக அதில் உட்காருவார்கள். நெதர்லாந்துத் தரப்பில் பத்துப் பேருக்கு மேல், தீவுகளின் தரப்பில் மூன்று. கணக்கு அவ்வளவுதான். அந்த அமைச்சரவையைத் தீர்மானிக்கும் நெதர்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில், தீவில் வாழ்பவர்களுக்குப் பொதுவாக ஓட்டு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அவர்கள் ஓட்டுப் போடலாம்!

இப்போது ஆளுநருக்கு வருவோம். ஆறு ஆண்டுக் காலத்துக்கு அவரை நியமிப்பவர் மன்னர். அரசரின் பிரதிநிதியாக அரூபா அரசின் தலைவர் அவர். அந்த வேடத்தில் உள்ளூர் அமைச்சர்கள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். அதே ஆள் ராஜ்ஜியத்தின் அதிகாரியும்கூட. அந்த வேடத்தில், நெதர்லாந்து அரசு இயங்கும் நகரமான தி ஹேக்கிலிருந்து வரும் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிற வரை யாருக்கும் எதுவும் தெரியாது. 2014-இல் பட்ஜெட்டில் துண்டு விழுவது அதிகம் என்று ராஜ்ஜிய அமைச்சரவை கருதியது. கையெழுத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது. அப்போதைய ஆளுநர் ஃபிரெடிஸ் ரெஃபுன்யோலும் அரூபாக்காரர்தான். என்ன செய்வார், பாவம்.

இந்தத் தனி அந்தஸ்து சும்மா கிடைத்ததல்ல. அதுவரை அரூபா, குராசோவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘நெதர்லாந்து ஆன்டிலிஸ்’ என்ற தீவுக்கூட்டத்தில் ஒன்று. குராசோவின் நிழலில் இருந்து விலக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர் அரூபா அரசியல் தலைவர் பெத்திகோ க்ரூஸ். 1986 ஜனவரி 1-ஆம் தேதி அது கைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் கார் விபத்தில் சிக்கிய க்ரூஸ் நினைவு திரும்பாமலே அந்த ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். முதல் பிரதமரானவர் ஹென்னி எமன், உண்ணாவிரதம் இருந்த மைக் எமனின் அண்ணன். பத்தே ஆண்டில், 1996-இல், முழு விடுதலை என்பது அன்றைய ஏற்பாடு. பிறகு அரூபாவே அது வேண்டாம் என்றது.

உண்ணாவிரதம் சில நாட்களில் முடிந்தது. அடுத்த ஆண்டே அரூபாவின் வரவு செலவைக் கண்காணிக்க ஒரு நிதி மேற்பார்வைக் குழு வந்து உட்கார்ந்தது.