அல்டிமேட்டம் கேம்: எச்சரிக்கையா, பேரமா?

முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒருவரிடம் பத்து நாணயங்களைக் கொடுத்து, "இதில் அவருக்கு எத்தனை, நீங்களே சொல்லுங்கள்" என்கிறார்கள். சொல்ல ஒரே வாய்ப்பு. மற்றவர் சரி என்றால் சொன்னபடி பிரித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் இருவருக்குமே ஒன்றுமில்லை. இதற்குத்தான் 'அல்டிமேட்டம் கேம்' என்று பெயர். இதைத் தமிழில் எப்படி அழைப்பது?

லத்தீனில் 'உல்டிமுஸ்' என்றால் கடைசியானது. அதிலிருந்து பிறந்த 'அல்டிமேட்டம்', அரசுகளின் தூதுப் பேச்சுகளில் 'இதற்கு மேல் இறங்கி வரமாட்டோம்' என்ற நிபந்தனையைக் குறித்தது. நம் செய்தித்தாள்களில் அது 'இறுதி எச்சரிக்கை', சுருக்கமாகக் 'கெடு'. இந்த ஆட்டத்துக்கு இரண்டுமே ஒட்டவில்லை. கெடு காலத்தைப் பற்றியது. எச்சரிக்கை என்றால் விடுப்பவரின் கை ஓங்கியிருக்க வேண்டும். இங்கே பயப்படுவதோ பணத்தை வைத்திருப்பவர்தான்.

வெர்னர் கூத் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஜெர்மனியின் கொலோனில் மாணவர்களை வைத்து இதை நடத்தி, முடிவுகளை 1982இல் வெளியிட்டார்கள். சுயநலக் கணக்குப்படி ஒரு நாணயமே போதும். சும்மா வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? கணக்கு பலிக்கவில்லை. பலர் சரிபாதியே கொடுக்க முன்வந்தார்கள். பிற்பாடு வேறு நாடுகளில் நடத்தியபோதும் பெரும்பாலும் நான்கைந்து நாணயம். இரண்டுக்குக் கீழே போனால் ஏறக்குறைய பாதிப்பேர் மறுத்துவிடுகிறார்கள். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிராளிக்குச் சகுனத்தடை செய்கிற வேலைதான்! எங்கும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பெருவின் அமேசான் காட்டு மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக 26 விழுக்காடுதான் கொடுத்தார்கள், மறுத்தவர்களும் அரிது.

கொடுப்பவரை நியாயம் தள்ளுகிறதா, பயமா? மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பங்கு குறைந்தது, ஆனால் பலர் அப்போதும் ஏதோ கொடுத்தார்கள். ஆக, இரண்டும்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கூத் குழுவினரின் கட்டுரைத் தலைப்பிலேயே 'பேரம்' என்ற சொல்தான் வருகிறது. பேரம் என்றாலே, படியவில்லை என்றால் எதிராளி எழுந்துபோகலாம். அந்த உரிமைதானே இந்த ஆட்டத்தின் உயிர்? என் தேர்வு 'கறார் பேரம்'. கறார் என்றால் பேரமே கிடையாதே என்பீர்கள். அந்த முரண்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கறார் அரபியிலிருந்து வந்த சொல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு 'இறுதிப் பேரம்' இருக்கிறது. மறுக்கும் உரிமை இல்லாத அந்த இன்னோர் ஆட்டத்தை 'டிக்டேட்டர் கேம்' என்கிறார்கள். அதைச் 'சர்வாதிகாரி ஆட்டம்' என்றே விட்டுவிடலாம். அதில் பேரத்துக்கு இடமே இல்லை.