வோல்ட் உண்டு, தெம்பு இல்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டுக் கல்லாறுக்கு மேல் பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் நீலகிரி மலை ரயிலை, கோவையில் என் வீட்டு மாடியறையில் நான்கு ஆண்டுகளாகச் சிறிய அளவில் ஓட்டி வருகிறேன். 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 11.5 மி.மீ. வருகிறது, அதற்கு நெருக்கமாக 12 மி.மீ. தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறது. சித்திரையில் ஒரு பிற்பகல் மின்தடை வந்து, ஒரு மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. மின்விசிறி சுற்றியது, ரயிலின் கட்டுப்பாட்டுக் கருவியில் மட்டும் விளக்கு எரியவில்லை.

அந்தக் கருவி செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் தண்டவாளத்துக்கு வோல்ட்டைக் கூட்டினால் என்ஜின் விரையும், குறைத்தால் தளரும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) என்னும் இன்றைய முறையிலோ தண்டவாளத்தில் எப்போதும் ஏறத்தாழ 15 வோல்ட் முழுதாக நிற்கும். அதன் திசை மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு திசையிலும் 58 மைக்ரோநொடி நின்றால் அது ‘1’, 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ நின்றால் அது ‘0’. இப்படி எழுதப்படும் கட்டளையை என்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் படித்து மோட்டாரை இயக்குகிறது. ஆகவே மின்சாரம் சுவர் பிளக்கிலிருந்து அடாப்டருக்கும், அங்கிருந்து கருவிக்கும், பிறகு தண்டவாளத்துக்கும் வரிசையாகச் செல்கிறது.

தோட்டத்து மோட்டார் ஓடாதபோது யாரும் எடுத்தவுடன் போர்வெல்லிலிருந்து மோட்டாரை உருவுவதில்லை. பீஸ் கட்டையைப் பார்த்து, ஸ்டார்ட்டரைப் பார்த்து, கடைசியில்தான் குழாயில் கை வைப்பார்கள். இங்கும் அதுவே முறை. தண்டவாளத்துக்குச் செல்லும் இரு கம்பிகளையும், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் கேபிளையும் கழற்றினேன். அப்போது விளக்கு எரிந்திருந்தால் குற்றம் பாதையிலோ கேபிளிலோ இருந்திருக்கும். தண்டவாளத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும் ஒரு திருகாணிகூட அதற்குப் போதும். எரியவில்லை. அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன், 15.1 வோல்ட் காட்டியது. அடாப்டர் நலம், கருவிதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அது தவறு.

எங்கள் தெருவில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர் அந்த அடாப்டரைக் கையில் வாங்கினார். 12 வோல்ட், 21 வாட் கொண்ட கார் இண்டிகேட்டர் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்து அடாப்டரில் மாட்டினார். இழை லேசாகச் சிவந்து அணைந்தது, மறுபடி சிவந்தது. மீட்டரின் எண் 4-க்கும் 6-க்கும் இடையில் தள்ளாடியது. “வோல்ட் காட்டுதுங்க, ஆனா தெம்பு இல்லீங்க” என்றார்.

அவர் சொன்னதன் இயற்பியல் எளிது. மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 15 வோல்ட்டில் அது இழுப்பது ஒன்றரை மைக்ரோஆம்பியர்தான். சாகக் கிடக்கும் அடாப்டரும் அவ்வளவைத் தந்துவிடும். அந்த இரு பல்புகளோ ஓர் ஆம்பியருக்கு மேல் கேட்கின்றன. ரயில் கருவி கேட்பதும் ஏறக்குறைய அந்த அளவுதான். சுமை ஏற்றாமல் எடுத்த வோல்ட் கணக்கை நம்பி, நல்ல கருவியைப் பிரித்துப் போட்டவர்களில் நானும் ஒருவனாகியிருப்பேன்.

மின்தடைக்குப் பிறகு அது ஏன் படுத்தது என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. இவ்வகை அடாப்டர் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு டிரான்ஸ்பார்மர் வழியே இறக்குகிறது. வெட்டும் சில்லு விழித்துக்கொள்ளத் தேவையான முதல் ஆற்றலைச் சேர்த்துவைப்பது சுண்டுவிரல் நுனியளவுள்ள ஒரு மின்தேக்கி. கடைகளில் கெப்பாசிட்டர் என்பார்கள். அதற்குள் உள்ள திரவம் வெப்பத்தில் மெல்ல வற்றுகிறது; வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறைக் கணக்கு. கோடையில் ஓடு வேய்ந்த மாடியறை அதற்கு அடுப்புதான். வற்றிய பின்னும், ஓடிக்கொண்டிருக்கும்வரை சில்லு தன் உணவைத் தானே பெற்றுக்கொள்வதால் குறை வெளியே தெரிவதில்லை. ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி எழ வலுவில்லாமல், எழுந்தும் விழுந்தும் துடிக்கிறது. மின்தடை அதைக் கொல்லவில்லை, காட்டிக்கொடுத்தது. அடாப்டரைத் திறந்து பார்க்க ஆசை வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 325 வோல்ட் தேங்கியிருக்கக்கூடும் என்பதால் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிகளுக்கு வேறொரு விதி உண்டு. அவற்றுடன் வரும் பழைய பாணி கனத்த டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்டது. இரும்பு உள்ளகத்தில் எழும் காந்தப்பாயம் வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்த அளவைப் பொறுத்தது: அங்கே 2, நம் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 4.6. இரும்பு தாங்கும் எல்லை தாண்டிவிட, மின்னோட்டம் தாறுமாறாக ஏறி, சுற்றுக்குள் புதைத்துள்ள வெப்ப பியூஸ் அறுந்துவிடும். அறுந்தது மீண்டும் சேராது. பிளக்கின் இரு ஊசிகளுக்கிடையே மீட்டரில் தொடர்ச்சி இல்லையென்றால் கதை அவ்வளவே. காயில் கட்டுபவர்கள் சந்தேகமான டிரான்ஸ்பார்மரை நேராக மின்சாரத்தில் மாட்டாமல், குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்தே மாட்டுவார்கள். உள்ளே சுற்றுகள் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து சொல்லிவிடும், பீஸ் போகாது.

பிளக் முனையையும் விட்டுவிடக் கூடாது. 2.5 மி.மீ. துளையுள்ள முனை, 2.1 மி.மீ. ஊசியில் நன்றாகச் செருகியதுபோலவே தோன்றும். தொட்டால் எரியும், விட்டால் அணையும்.

புதிய அடாப்டரை இரு பல்புகளால் சோதித்த பிறகே மாட்டினேன். கருவியின் விளக்கு எரிந்தது. ஆனால் தண்டவாளத்தில் மீட்டரை வைத்தால் சுழி! சில நொடிகள் திகைத்த பிறகுதான், மீட்டர் டிசி, அதாவது நேர்மின்சார அளவில் இருப்பதைக் கவனித்தேன். இரு திசையிலும் சமமாகப் புரளும் வோல்ட்டின் சராசரி சுழிதானே. மாறுமின்சாரத்துக்கான ஏசிக்குத் திருப்பியதும் 13-க்கு மேல் ஓர் எண் வந்தது. 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்த சாதாரண மீட்டர் 8,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய அலையைத் துல்லியமாக அளக்காது என்பதால், அந்த எண்ணை நான் பொருட்படுத்தவில்லை. என்ஜினைக் கல்லாறு நிலையத்துப் பக்கவழியில் வைத்தேன். முகப்பு விளக்கு எரிந்தது.