ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் தெரியும் என்று யார் சொன்னது?

அண்மையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தினேன். முதல் உலகப் போருக்கான காரணங்களைக் கேட்டிருந்த வினாவுக்கு, கூட்டணிகள், படைப்பெருக்கம், ஏகாதிபத்தியப் போட்டி, தீவிர தேசியம், உடனடிக் காரணம் என ஐந்து துணைத்தலைப்புகளில், ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் ஒரு மாணவி எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். போடாமல் இருக்க வழியில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் கொல்லப்பட்டது 1914 ஜூன் 28; ஆஸ்திரியா போரை அறிவித்தது ஜூலை 28. நடுவில் ஒரு மாதம் என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். "அந்தப் பத்திக்குக் கோடு போடவில்லையே, மிஸ்" என்றாள். சரி, 'உடனடிக் காரணம்' என்றால் என்ன, மற்ற நான்கும் உடனடி இல்லையா என்று கேட்டேன். அந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருந்த இரண்டு வரிகளை அப்படியே ஒப்பித்தாள். அவளைப் பொறுத்தவரை 'உடனடி' என்பது பொருளுள்ள ஒரு சொல்லே அன்று. அது ஐந்தாவது தலைப்பின் பெயர்.

அந்தப் பிள்ளையின்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் கெட்டிக்காரி, பெரியவர்கள் கேட்டதைத்தான் செய்திருக்கிறாள். ஆனால் இப்படி ஒரு பிள்ளையை ஒவ்வோர் ஆண்டும் சந்தித்துச் சந்தித்து எனக்கு அலுத்துவிட்டது.

சமூக அறிவியல் மனப்பாடப் பாடம் என்ற எண்ணம் எங்கும் வேரூன்றிக் கிடக்கிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டும், சமூக அறிவியலுக்குக் கடைசி வாரம் போதும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பாடவேளை காலியாக இருக்கும் எந்த ஆசிரியரும் இதை நடத்திவிடலாம், புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தால் போதாதா என்று கால அட்டவணை போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும்விட வெட்கக்கேடு, இந்தப் பாடத்தையே நடத்தும் நம்மவர்களில் பலர், வினாவைச் சொல்லி, புத்தகத்தில் "இங்கிருந்து இதுவரை" என்று கோடு போடச் சொல்லி, அதோடு பாடம் முடிந்ததென்று பாடக்குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம். கோடு போடாத பகுதியெல்லாம் எதற்கு அச்சிடப்பட்டிருக்கிறது என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எழாதபடி ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்கிவிட்டோம்.

நெட்டுரு வெறுமனே பயனற்றதாக இருந்தால்கூட நான் இவ்வளவு அங்கலாய்க்க மாட்டேன். அது தவறான புரிதலுக்குப் போர்வையாகிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். பருவ காலங்கள் ஏன் ஏற்படுகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். "புவியின் அச்சு 23½° சாய்ந்திருப்பதால்" என்று வகுப்பே எழுதும். கோடையில் ஏன் வெயில் கொளுத்துகிறது என்று வாய்மொழியாகக் கேளுங்கள். "அப்போது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வந்துவிடும்" என்று அதே வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். மிகத் தொலைவில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். இரண்டு மதிப்பெண் வாங்கித் தந்த சரியான வாக்கியமும், அதற்கு நேர்மாறான நம்பிக்கையும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடியிருக்கின்றன. விடைத்தாளை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது கடைசிவரை தெரியவே வராது.

காலக்கணக்கிலும் இதே கதைதான். கி.மு. 300 முந்தியதா, கி.மு. 500 முந்தியதா என்று கேட்டால் தடுமாறுகிற பிள்ளைகள், இரண்டு ஆண்டுகளுக்கும் உரிய நிகழ்ச்சிகளைத் துல்லியமாகப் பொருத்தி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு என்றால் 1800களைச் சொல்கிறார்கள். அது 1701 முதல் 1800 வரை என்பதை ஒரு முறை விரல்விட்டு எண்ணிப் பார்க்க வைத்தால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. சுழியாம் ஆண்டு என ஒன்று கிடையாது, கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1 என்பதால், கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை 999 ஆண்டுகளே என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

போர் பாடத்தை இப்போது நான் நடத்தும் முறையைச் சொல்கிறேன். வகுப்பை வியன்னா, பெல்கிரேடு, பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் என ஆறு குழுக்களாகப் பிரித்து, அந்தந்தத் தலைநகருக்கு அந்தந்த நாளில் தெரிந்திருந்த செய்தியை மட்டும் துண்டுச்சீட்டில் கொடுக்கிறேன். ஜூலை 23 அன்று ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடுவுடன் செர்பியாவுக்கு நிபந்தனைகளை அனுப்புகிறது. 25 அன்று செர்பியா அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணங்கிப் பதில் தருகிறது. 28 அன்று ஆஸ்திரியா போரை அறிவிக்கிறது. 30 அன்று ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிடுகிறது. ஆகஸ்டு 1 அன்று ரஷ்யா மீதும், 3 அன்று பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போரை அறிவிக்கிறது. 4 அன்று ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, பிரிட்டன் களமிறங்குகிறது. ஜூலை 30 வந்ததும் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை எழுந்து, "இப்போதுகூட நிறுத்தலாமே, மிஸ்" என்று சொல்லாமல் இருந்ததில்லை. அன்றைய ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்க் குழுவிலிருந்து உடனே மறுப்பு வரும்: "நாங்கள் திரட்டாமல் இருந்து, அவர்கள் திரட்டிவிட்டால்?" படைப்பெருக்கம், கூட்டணி என்ற தலைப்புகளுக்கு உயிர் வருவது அந்த இடத்தில்தான். அதோடு விடாமல், 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கூட்டணியில் இருந்த இத்தாலி 1914இல் நடுநிலை வகித்து, 1915இல் எதிரணியில் சேர்ந்ததே, கூட்டணிதான் காரணம் என்றால் இதை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இரண்டு பாடவேளையா என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். ஆம், இரண்டு பாடவேளைதான். இதற்காக இந்த அலகில் வேறு மூன்று தலைப்புகளை நான் சுருக்கியிருக்கிறேன். அதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை.

சான்றுகளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான். 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்தார்கள். அன்றைய தேதியில் பதினாறாம் லூயி மன்னர் தம் குறிப்பேட்டில் 'ஒன்றுமில்லை' என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நாடே பற்றி எரியும்போது இப்படியொரு மன்னரா என்பார்கள். அவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, அது பெரும்பாலும் அவருடைய வேட்டைக் கணக்கேடு, அன்று வேட்டையில் எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள் என்று சொல்வேன். யார் எழுதினார், எதற்காக எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார் என்ற மூன்று கேள்விகளை அதற்குப் பிறகு நான் வற்புறுத்த வேண்டியதில்லை. கைப்பேசியில் வந்து விழும் 'வரலாற்று உண்மை'களிடம் அதே கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரியவர்களில் பலருக்கு இது தெரியவில்லை என்பதை அன்றாடம் பார்க்கிறோம்.

பொருளியலுக்கும் குடிமையியலுக்கும் துண்டுச்சீட்டுகூட வேண்டாம், கரும்பலகை போதும். பத்துப் பேரில் ஒன்பது பேரின் வருமானம் ஆளுக்கு 10, ஒருவருடையது 910 என்றால் சராசரி 100. அந்த 100ஐ ஈட்டுகிறவர் அறையில் ஒருவர்கூட இல்லை. தனிநபர் வருமானம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பது அவ்வளவுதான். நாற்பது பேர் வகுப்பில் மூவர் போட்டியிட்டு 15, 13, 12 வாக்குகள் பெற்றால், வென்றவரை 25 பேர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் ஆண்டுகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நினைவில் எதுவுமே இல்லாத தலை எதை வைத்து யோசிக்கும்? மேலே சொன்ன ஜூலை மாதத் தேதிகளை என் மாணவர்கள் ஒப்பிப்பார்கள். என்ன முடிவை யார் எடுத்தார் என்பதோடு சேர்த்து ஒப்பிப்பார்கள். இதன் மறுகோடியில் செயல்திட்டம் என்ற பெயரில் நடக்கும் கூத்தையும் நான் ஏற்கவில்லை. இணையத்திலிருந்து அச்செடுத்த படங்களை அட்டையில் ஒட்டி, சுற்றிலும் மினுமினுப்புத் தூவிக் கொண்டுவருவதில் பிள்ளை கற்றது பசை ஒட்டுவதை மட்டுமே. பல வீடுகளில் அதைக்கூட அம்மாதான் செய்கிறார்.

ஆசிரிய நண்பர்களே, கோடு போட்டுக் கொடுப்பதை இந்த ஆண்டே நிறுத்துங்கள். நிறுத்தினால் முதல் தேர்வில் மதிப்பெண் குறையும், கேள்வி வரும், தாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேர்விலும், புத்தகத்தில் நேரடி விடை இல்லாத வினா ஒன்றாவது வையுங்கள். அதைத் திருத்தும்போது உங்கள் விடையோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல், சொன்னதற்குச் சான்று காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். நிலவரைபடத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. வரைபடமும் ஒருவர் ஒரு தேவைக்காக வரைந்ததே, 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வரைந்தார் என்று ஒரு முறையாவது சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லு பார்க்கலாம்" என்று ஒப்பிக்க வைக்காதீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எனக்கு இந்தப் பாடம் தெரியாது, கதையாகச் சொல் என்று கேளுங்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்த இடத்தை மட்டும் ஒரு தாளில் குறித்து மறுநாள் என்னிடம் கொடுத்தனுப்புங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு: ஆண்டின் கடைசி மாதத்தில் என் பாடவேளைகளைக் கணக்குக்குத் தாரை வார்க்காதீர்கள். தனித்தனியாக நடத்திய பாடங்களை ஒரே காலக்கோட்டில் சேர்த்துப் பார்க்க எனக்குக் கிடைப்பது அந்த மாதம் ஒன்றுதான். ஐரோப்பாவில் போர் அறிவிப்புகள் பறந்துகொண்டிருந்த அதே 1914 ஆகஸ்டில் பனாமா கால்வாய் திறக்கப்பட்டது. இரண்டு பாடங்களையும் வெவ்வேறு பருவங்களில் படித்த பிள்ளைகளுக்கு, அவை ஒரே மாதத்தில் நடந்தவை என்பது காலக்கோட்டை வரையும்வரை தெரிந்திருக்கவில்லை.